வரவை மட்டும் எழுதிய கணக்கு

காப்புக்காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவன் கொடுத்துவைத்தவன் என்கிறார் அன்பர். அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: காடு தண்ணீர் தருகிறது, தேனீயை அனுப்புகிறது, மண்ணைக் காக்கிறது, கரியமில வாயுவை உள்ளிழுக்கிறது. இந்தச் சேவைகளுக்கு ரூபாயில் விலை போடலாம். போட்டால் ஹெக்டேருக்கு லட்சக்கணக்கில் வருகிறது. அத்தனையையும் காட்டோரத்துச் சிறு விவசாயி கைக்காசு செலவில்லாமல் அனுபவிக்கிறான். ஆகவே பன்றி கடலையைத் தோண்டிவிட்டது, மயில் நாற்றைக் கொத்திவிட்டது என்று அவன் மனுவும் கையுமாக அலைவது நன்றிகெட்ட வேலை.

அவர் பெயர் இங்கே தேவையில்லை. கருத்தரங்கு மேடைகளிலும் திட்ட அறிக்கைகளிலும் இதே வாதத்தை வைப்பவர்கள் பலர் உண்டு. என் வழக்கு வாதத்தோடுதான். சூழலியல் சேவைகளை மதிப்பிடவே கூடாது என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவனும் அல்ல நான். மதிப்பிடுங்கள், தாராளமாக. ஆனால் வரவை மட்டும் எழுதி, செலவுப் பக்கத்தைக் கிழித்துப்போட்ட நோட்டை எங்கள் முன்னால் நீட்டி, பாக்கியைக் கட்டு என்று சொல்லாதீர்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடியில் உட்கார்ந்து இந்த வாதத்தைக் கேட்கிறவனுக்கு முதலில் எழும் கேள்வி: எந்தக் காடு?

புதுக்கோட்டைச் சீமைக்கென்று ஒரு காடு உண்டு. தாவரவியலார் அதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். பாலை, வீரை, காசா போன்ற மரம் செடிகள் நெருங்கி வளர்ந்து, கடுங்கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் குறுங்காடு. மழை குறைந்த செம்மண்ணில் அது எப்படிப் பசுமையாக நிற்கிறது என்பது இன்றும் ஆராய்ச்சிக்குரிய செய்தி. அந்தக் காட்டின் மிச்சம் இன்று எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அய்யனார் கோயில்களையும் காளி கோயில்களையும் சுற்றி. ஊர்க்காரர்கள் சாமிக்குப் பயந்து விறகு ஒடிக்காமல் விட்டுவைத்த கோயில்காடுகளில் இருக்கிறது. அதைக் காத்தது எந்தத் துறையின் நிதியும் அல்ல. எந்த மதிப்பீட்டாளரும் ஊருக்கு நன்றி சொல்லவில்லை.

மாவட்டத்தின் காப்புக்காடு என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பதில் பல்லாயிரம் ஏக்கர் வேறு கதை. 1974-ல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம், வனத்துறை நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துத் தைலமரம் நட்டது, முந்திரியும் நட்டது. தைலமரத்தை எங்கள் பக்கத்தில் ஆர்.எஸ்.பதி என்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்புவார்கள். வெட்டிய கட்டையில் துளிர்ப்பதை வளரவிட்டு மறுபடியும் வெட்டுவார்கள். வரிசை பிடித்து நட்ட, வயது பார்த்து வெட்டுகிற, ஒரே இன மரங்களின் தோட்டம் அது. சட்டப்படி காப்புக்காடு; தொழில்படி காகித ஆலையின் வயல். அன்பரோ காட்டுக்குப் போட்ட விலையை இந்த வயலின் தலையில் ஏற்றுகிறார். பிறகு அந்த விலைக்கு நாங்கள் கடன்பட்டவர்கள் என்கிறார்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வனப்பரப்புப் புள்ளிவிவரத்தை அவர் சாட்சிக்கு அழைக்கக்கூடும். அந்தச் சாட்சி அவருக்கே பாதகம். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால், நிலம் யாருடையது, மரம் எந்த இனம் என்றெல்லாம் பார்க்காமல் வனப்பரப்பில் சேர்ப்பது அந்த நிறுவனத்தின் முறை. செயற்கைக்கோள் கண்ணுக்குத் தைலமரத் தோட்டமும் காடு, கோயில்காடும் காடு, ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் எங்கள் தென்னந்தோப்புகளும் காடு. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் தென்னை விவசாயியும் சேவை வழங்குபவன் ஆகிறான். அவனுக்கு எவ்வளவு பாக்கி என்று அன்பர் சொல்லட்டும்.

அடுத்தது, அந்த லட்சங்கள் எங்கிருந்து வந்தன? 1997-ல் ராபர்ட் கோஸ்டான்சாவும் கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலகத்தின் நிலத்தையும் நீரையும் 16 வகையாகப் பிரித்து, 17 சேவைகளுக்கு விலை போட்டு, ஆண்டுக்குச் சராசரி 33 லட்சம் கோடி டாலர் என்றார்கள். அன்றைய உலக நாடுகளின் மொத்த உற்பத்தியே 18 லட்சம் கோடி டாலர்தான். இயற்கையைச் சும்மா கிடைத்ததாக எண்ணாதே என்று உலகத்தை உலுக்க அந்த எண் பயன்பட்டது. உலுக்குவதற்கு எழுதிய எண்ணை உள்ளூரில் வசூலுக்கு எடுத்துவந்ததுதான் பிழை. எங்கோ ஒரு மழைக்காட்டில் அளந்த மதிப்பை ஹெக்டேர் கணக்கில் பெயர்த்துவந்து, கறம்பக்குடி ஒன்றியத்தின் பரப்பால் பெருக்கினால் விடை வரத்தான் செய்யும். பெருக்கல் வாய்ப்பாடு யாருக்கும் மறுப்புச் சொல்லாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சுக்குப் பின்னம் வரை துல்லியமான விலை போடலாம்; முடிச்சு முடிச்சுதான்.

தேனீயை எடுத்துக்கொள்வோம். மகரந்தச் சேர்க்கைக்கு விலை போடுகிறவர்கள் விரும்பிச் சொல்லும் சான்று கோஸ்டா ரிகாவில் இருந்து வருகிறது. டெய்லர் ரிக்கெட்ஸ் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வு அது. காட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த காபிச் செடிகளில் மகசூல் 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அருமையான ஆய்வு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது காபி, அங்கிருந்தது இயற்கையான மழைக்காடு. கறம்பக்குடிப் பக்கத்தில் என்ன விளைகிறது? நெல் தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும். நிலக்கடலையும் அப்படியே. மக்காச்சோளத்துக்குக் காற்று போதும். வாழை சேர்க்கையே இல்லாமல் காய்க்கிறது. கரும்பில் வெட்டுவது தண்டை. கீரமங்கலம் சந்தைக்குப் போகும் மல்லிகையையும் முல்லையையும் மொட்டாகவே பறித்துவிடுகிறோம். அது விரிந்து தேனீ வந்து உட்கார்ந்தால் அன்றைக்குக் கூலியும் போச்சு, விலையும் போச்சு. தென்னை, முந்திரி, மா, பாகல், பூசணி போன்றவற்றுக்குப் பூச்சிகளின் உதவி உண்மையாகவே தேவை. அதைப் பயிர் பயிராக, பூ பூவாகப் பார்த்து அளக்க வேண்டும். மல்லிகைக் கொல்லைக்கும் சேர்த்து மகரந்தச் சேர்க்கை மதிப்பு எழுதுகிறவர், கொல்லைக்குள் ஒருமுறைகூட இறங்கியதில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

தைலமரம் பூக்கும்போது தேனீ வரும், மறுக்கவில்லை. ஆனால் பூ முடிந்த பிறகு தேனீ எங்கே குடியிருக்கும்? பொந்துத் தேனீக்குப் பழைய மரத்துப் பொந்தோ புற்றோ வேண்டும். பொந்து விழும் வயதுக்கு மரத்தை வளரவிடாமல் வெட்டுவதுதான் கூழ்மரத் தோட்டத்தின் இலக்கணம். பொந்துகள் இருப்பது கோயில்காட்டுப் பாலையிலும், வரப்போரத்து வேம்பிலும் புளியிலும். அதாவது தேனீயை வளர்ப்பது ஊர். ரசீது வருவதோ காப்புக்காட்டின் பேரில்.

இனித் தண்ணீர். அன்பரின் பட்டியலில் முதல் வரவே இதுதான், முழுக்கப் புரண்டு கிடப்பதும் இதுதான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஏரி குளங்கள் கொண்ட மாவட்டம் இது. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் எங்கள் பக்கத்தில் ஒரு பகுதிக்குத்தான் எட்டும், அதுவும் கடைமடையாக. மற்றதெல்லாம் வானத்தையும் வரத்துவாரியையும் நம்பியது. மேட்டில் பெய்த மழை வாரிகளில் ஓடிவந்து குளத்தில் விழ வேண்டும். குளம் நிரம்பினால்தான் கிணறு ஊறும். அந்த மேடுகளில் பல இன்று தைலமரத் தோட்டம். தோட்டத்துக்குள் சரிவுக்குக் குறுக்கே பொக்லைன் வைத்து வரப்பெடுத்து, மழைத்தண்ணீரை மரத்தடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், குளத்துக்கு வாரி வறண்டுபோகிறது என்பது புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டங்களில் விவசாயிகள் பல காலமாக எழுப்பிவரும் புகார். காடு தண்ணீர் தருகிறது என்ற வாசகத்தை அவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட அன்பருக்குத் துணிவு உண்டா?

தைலமரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதில் வதந்தியும் உண்டு, ஆய்வும் உண்டு. ஆய்வையே பேசுவோம். உதகையிலுள்ள மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பல்லாண்டுகள் அளந்தது. ஒன்றில் புல்வெளி, மற்றதன் ஒரு பகுதியில் தைலமரம். முதல் வளர்ப்புச் சுற்றில் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டிவிட்டுக் கட்டைத் துளிரை வளர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25.4 விழுக்காடு. கர்நாடகத்தில் இயன் கால்டர் குழு அளந்தபோது, ஹொசகோட்டே பக்கத்தில் தைலமரம் பெய்த மழையையும் மிஞ்சிச் செலவழித்தது தெரிந்தது. ஆழத்தில் ஏற்கனவே இருந்த ஈரத்தை வேர் எடுத்துக்கொண்டது. அதே குழு ஷிமோகா பக்கத்தில் அளந்தபோது தைலமரத்தின் நீர்ச்செலவு இயற்கைக் காட்டைவிட அதிகமாக இல்லை. மண்ணின் ஆழம், மழை, மரத்தின் வயது எல்லாம் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. நீலகிரியின் 25.4-ஐ எடுத்து எங்கள் ஊர்க் குளத்தால் பெருக்கினால் நானும் அன்பரின் வித்தையையே செய்தவனாவேன். அதனால் அதைச் செய்யவில்லை. நான் கேட்பது, இங்கே அளந்தீர்களா என்பது. எந்த வாரியில் அளவுகோல் நட்டீர்கள், எந்த ஐப்பசியில், எவ்வளவு மழைக்கு எவ்வளவு வரத்து? அளக்காமல் வரவுப் பக்கத்தில் தண்ணீரை எழுதியது யார் கொடுத்த துணிவில்?

விவசாயிகளே சொந்த நிலத்தில் தைலமரம் போடுகிறார்களே என்று கேட்பார். போடுகிறார்கள்தான். ஆளும் கிடைக்காமல், விளைந்ததற்கு விலையும் கிடைக்காமல் போன புஞ்சையில் வேறு வழியின்றிப் போட்டவர்கள் அவர்கள். பக்கத்துக் கிணற்றுக்காரனிடம் அதற்காகத் திட்டும் வாங்குகிறார்கள். ஆனால் அவர்களில் எவரும் தன் தோப்பைக் காடு என்று சொல்லி அடுத்தவனிடம் சேவைக் கட்டணம் கேட்டதாகக் கேள்வியில்லை.

இப்போது அவர் கிழித்த பக்கத்துக்கு வருவோம். காட்டுப்பன்றியால் பயிரிழப்பு தாங்காமல் விவசாயிகள் போராடிய பிறகு, 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முறையை வகுத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. காட்டுயிரைக் காக்கும் நோக்கில் இதற்கு நியாயம் இருக்கலாம். அந்த விவாதத்துக்கு நான் போகவில்லை. இந்த முறையையும் அன்பரின் மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காட்டுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு ஆதாயம் என்கிறது அவர் கணக்கு. காட்டுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பாதுகாப்புக் குறைவு என்கிறது அரசாணை. ஒரே கிலோமீட்டர், ஒன்றில் பாக்கியவான், மற்றதில் கைவிடப்பட்டவன். ஆதாயத்தின் எண் மட்டும் அறிக்கையில் அச்சாகிறது.

அச்சாகாத இழப்பின் எண்ணில் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன். விதைத்த கடலையை முளைக்கும் முன்பே மயில் கிளறுகிறது. பிஞ்சு பிடித்த பிறகு பன்றி உழுகிறது. பழைய சேலைகளைக் கிழித்துக் கொல்லையைச் சுற்றிக் கட்டுகிறார்கள். இரவெல்லாம் காவல் கிடக்கிறார்கள். கிடந்தவர் மறுநாள் கூலி வேலைக்குப் போக முடியாது. இத்தனை பாடுபட்டும் எடுத்தது பாதி. பன்றி வருமென்று கடலை போடுவதையே நிறுத்தியவர்கள் உண்டு. விட்ட பயிரின் இழப்பு எந்தச் சேதப் பட்டியலிலும் ஏறாது. மயில் 1963-ல் தேசியப் பறவையானது. 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்பது சரி. ஆனால் அதற்குத் தீனி போடுவது யார்? தைலமரச் சருகைத் தின்று மயிலும் பன்றியும் பிழைக்குமா? பகலில் காப்புக்காட்டில் படுக்கை, இரவில் பட்டா நிலத்தில் சாப்பாடு. காட்டுயிர்களுக்கு உணவளிப்பது சூழலியல் சேவை என்றால், அந்தச் சேவையைச் செய்வது எங்கள் கடலைக் கொல்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே மேய்ந்ததோடு நில்லாமல் பில்லும் அனுப்புகிறது.

சிறு விவசாயி இயற்கையிடம் வாங்குகிறவன் மட்டுமே என்ற எண்ணம்தான் இந்த மதிப்பீட்டின் அடியில் கிடக்கும் கோளாறு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அந்தத் துண்டு நிலங்களின் வரப்பில்தான் பனையும் வேம்பும் கிளுவை வேலியும் நிற்கின்றன. வரத்துவாரியை வெட்டிச் சீர் செய்வதும், குளத்தைத் தூர்வாருவதும், கோயில்காட்டில் அரிவாள் படாமல் பார்ப்பதும் அந்த நிலக்காரர்கள்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்து எங்கள் தென்னையையும் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. கடன் கழுத்தை நெரித்த அந்த நிலையிலும், அடுத்த ஆண்டே பக்கத்து மாவட்டத்தில் பேராவூரணி பெரியகுளத்தை 'கைஃபா' என்ற கடைமடை விவசாயிகள் அமைப்பு மக்கள் பணத்தில் தூர்வாரியது. கீரமங்கலம் வட்டாரத்து இளைஞர்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். நீர் சேமிப்பும் நிலத்தடி ஊட்டமும் அன்பரின் பட்டியலில் விலை போடப்பட்ட சேவைகள்தாமே? அவற்றை மனிதன் செய்தால் மட்டும் மதிப்பு சுழியம் ஆகிவிடுமா?

கஜாவின்போது எங்கள் மரத்துக்கும் ஒரு மதிப்பு போட்டார்கள். விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். அது விலையல்ல, நிவாரணம் என்று அன்பர் திருத்துவார், ஏற்கிறேன். வேறு பக்கம் பாருங்கள். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும்போது நிகர இன்றைய மதிப்பு என்று ஒரு தொகை வாங்குகிறார்கள். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் ஏற்ற வீதம் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. காட்டின் சேவைக்கு நம் நாட்டில் சட்டப்படி அன்று போடப்பட்ட விலை அது. சுரங்கமும் அணையும் காட்டைச் சும்மா விழுங்க முடியாமல் அது தடுத்தது நன்மைதான். ஆனால் அந்தப் பணம் போவது எங்கே? 2016-ன் ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டப்படி 90 விழுக்காடு மாநில நிதிக்கு, 10 விழுக்காடு தேசிய நிதிக்கு. காட்டோரத்து நிலக்காரனின் கணக்கில் வரவு வைக்க அதில் வழியில்லை.

இங்கேதான் அன்பரின் கடைசி ஆயுதம் மழுங்குகிறது. விலை போட்டால்தான் நாளைக்கு விவசாயிக்குப் பணம் வரும் என்கிறார். கோஸ்டா ரிகா 1996-ல் வனச் சட்டம் இயற்றி, எரிபொருள் வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, அடுத்த ஆண்டிலிருந்து நில உரிமையாளர்களுக்குச் சூழல் சேவைக்காகப் பணம் கொடுத்தது. அங்கே முதலில் சட்டமும் நிதியும் வந்தன. இங்கே வந்திருப்பது விலைச்சீட்டு மட்டும். நாளை பணம் வரும் என்ற வார்த்தையை இந்த வட்டாரம் புதிதாகக் கேட்கவில்லை. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க வந்தபோதும் நாட்டுக்கு இத்தனை கோடி, ஊருக்கு இத்தனை வேலை என்றுதான் சொன்னார்கள். அந்தக் கோடிகளிலும் எங்கள் தண்ணீரும் மண்ணும் செலவுப் பக்கத்தில் இல்லை. ஊர் ஏமாறவில்லை, போராடியது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் கறம்பக்குடி ஒன்றியமும் சேர்ந்தது. எண்ணைக் காட்டி வாயடைக்க நினைப்பவர்கள் எந்த ஊரில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டு பேசுவது நல்லது.

நேர்மையான மதிப்பீடு வேண்டும் என்று அன்பர் உண்மையிலேயே நினைத்தால், வழி கடினமில்லை. முதலில் காப்புக்காட்டை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: இயற்கைக் காடு எவ்வளவு, கூழ்மரத் தோட்டம் எவ்வளவு. இரண்டுக்கும் ஒரே விலை போடாதீர்கள். வரத்துவாரிகளில் அளவுகோல் நட்டு, சில பருவமழைக்காவது மழையையும் வரத்தையும் அளந்துவிட்டு அப்புறம் தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். மகரந்தச் சேர்க்கையைப் பயிர்வாரியாகக் கணக்கிடுங்கள். பயிர்ச்சேதம், இரவுக் காவல், விட்ட பயிர் மூன்றையும் செலவில் எழுதுங்கள். வரப்பு மரம், குளம், கோயில்காடு, காட்டுயிருக்குப் போன தீனி இவற்றை நிலக்காரனின் வரவில் எழுதுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அதில் இந்தக் கணக்கை ஏற்றி, கிராமசபையில் வாய்விட்டு வாசியுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். கடலை போட்டவனுக்குக் கணக்கும் தெரியும்.

அப்படி எழுதிய கணக்கில் நாங்கள் கடன்பட்டவர்கள் என்று முடிவு வந்தால், அதைப் பற்றிப் பேச நாங்கள் தயார். தைலமரத் தோட்டம் எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று வந்தால், அதைக் கொடுக்க அவர் தரப்பு தயாரா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்வரை, அந்த லட்சங்களை எங்கள் பற்றில் எழுத அவருக்கு உரிமை இல்லை.